அண்ணே, வீட்ல இருக்கீங்களா?

அதை மலை என்று சொன்னால் மற்ற மலைகள் கோபித்துக்கொள்ளும். குன்று என்று சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மற்ற மலைகள் எங்கோ தூரத்தில் இருக்கின்றன, ஊர்க்காரர்களோ அடிக்கிற தூரத்தில் இருக்கிறார்கள். ஆகவே மலை என்றே வைத்துக்கொள்வோம்.

ஏரியின் வடகரையில், தண்ணீரில் காலை நனைத்தபடி அது நிற்கிறது. ஊரைப் பார்த்த பக்கம் சரிவும் மரங்களும் ஒற்றையடிப் பாதையுமாக லட்சணமாகவே இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் ஏறி இறங்கி, மூச்சு வாங்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்துவிடுகிற உயரம்தான். உச்சியில் நின்றால் ஊரின் கூரைகளும், ஏரியும், ஏரிக்கு அப்பால் அக்கரைக் குடியிருப்பும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் ஏரியைப் பார்த்த பக்கத்தில் மலை பாதிதான் இருக்கிறது. மேலிருந்து கீழ்வரை சுவர் மாதிரி செங்குத்தாக வெட்டப்பட்ட மொட்டைப் பாறை. அதை வெட்டுமுகம் என்பார்கள்.

வெட்டியது வேறு யாருமில்லை, இந்த ஊரேதான். படகுத்துறைப் படிகள், ஆஸ்பத்திரிச் சுவர், பள்ளிக்கூட மதில், மார்க்கெட் தரை, வீட்டுக்கு வீடு வாசற்படி எல்லாமே அங்கிருந்து பெயர்த்து வந்த கல். பாட்டன் காலத்தில் ஒரு நாள் பாறைக்குள்ளிருந்து ஊற்று பீறிட்டு, வேலை நடந்த பள்ளம் முழுகிப்போனது. குத்தகைக்காரர் மூட்டை கட்டிவிட்டார். உதவாத உடைகல்லை அப்போதே ஏரிக்குள் தள்ளியிருந்தார்கள். அது இன்றைக்கும் வெட்டுமுகத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றே கீழே, பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. எத்தனையோ படகுகளின் அடிவயிற்றை அது பதம் பார்த்திருக்கிறது.

அந்த முகத்தைப் பார்த்தால் ஊருக்குக் கொஞ்சம் கூச்சம். போட்டோ எடுக்கிறவர்கள் மரம் இருக்கிற பக்கமாகப் போய் நிற்பார்கள். அதை எப்படி மறைக்கலாம் என்று நகராட்சி வருஷா வருஷம் கூட்டம் போடும், டீ குடிக்கும், கலைந்துபோகும். படகுக்காரர்கள் மட்டும்தான் வெட்டுமுகத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

பனிக்காலத்தில் விடிகிற நேரம் ஏரிமேல் மூடுபனி இறங்கும். நீட்டிய கை தெரியாது. மலை முழுசாக இருந்த காலத்தில் பனி நாட்களில் படகே ஓடாது. அக்கரைக்காரர்கள் வேலைக்கும் வைத்தியத்துக்கும் ஏரியைச் சுற்றி நாள் முழுக்க நடந்தார்கள். கல் வெட்டி முகம் மொட்டையான பிறகு ஒரு படகுக்காரர் பனியில் மாட்டிக்கொண்டார். சுற்றிச் சுற்றித் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துபோய், பயத்தை மறைக்க, சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டுகிற தோரணையில் "அண்ணே, வீட்ல இருக்கீங்களா?" என்று கத்தினாராம். கொஞ்சம் கழித்து எதிரிலிருந்து "அண்ணே" என்று வந்ததாம். மரமும் செடியுமாக இருந்தவரை குரலை விழுங்கிக்கொண்டிருந்த மலை, மொட்டைப் பாறையானதும் வாங்கினதை வாங்கினபடியே திருப்பிக் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து படகுக்காரர்களுக்கு மலை அண்ணன். மலையும் அவர்களை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறது; இதில் யார் மூத்தவர் என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை.

அந்தக் கேள்வியே பிறகு தொழிலாகிவிட்டது. பனியில் எஞ்சினை அணைக்க வேண்டும். ஹாரனை ஒரே ஒரு அடி அடித்து, உடனே "அண்ணே, வீட்ல இருக்கீங்களா?" என்று வாய்க்குள் நிதானமாகச் சொல்ல வேண்டும். கேள்வி முடிந்து சற்றுப் பொறுத்து பதில் வந்தால் அண்ணன் உள்ளே கூடத்தில் இருக்கிறார், நேரே போகலாம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டால் அண்ணன் வாசலிலேயே நிற்கிறார், உடைகல் பக்கத்தில் இருக்கிறது, உடனே வலது பக்கம் ஒடிக்க வேண்டும். முன்னாலேயே ஒடித்தால் சேற்றுத் திட்டில் ஏறும், பிந்தி ஒடித்தால் கல்லில் மோதும். சரியாக அண்ணன் வாசலில் ஒடித்தால் மலையைச் சுற்றிக்கொண்டு நேராகப் படகுத்துறை.

இந்தக் கலையில் ஊரிலேயே பெரிய கை கேப்டன். கேப்டன் என்பது கேலிப் பெயர்தான். அக்கரையிலிருந்து ஊருக்குக் காலை லாஞ்சு ஓட்டுகிறவர் அவர். தலையில் எப்போதும் நீலத் தொப்பி. எவ்வளவு குளிரானாலும் செருப்பில்லாத கால். எஞ்சின் இருமினால் காதைவிட உள்ளங்காலுக்கு முதலில் தெரியும் என்பார். லாஞ்சு துறையைத் தொட்டதும் மலையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஒரு தரம் தலை குனிவார். பின்னால் இறங்குகிற ஜனங்களை அவர் திரும்பிப் பார்க்கிற வழக்கமில்லை. அவர்கள் போக வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள், அதற்கு எதற்குப் பார்வை என்பது அவர் கட்சி.

அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. காது போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் ஊர்க்காரர்களின் குரல் சிறுத்தது. அப்புறம் வீட்டு டீவி ஊமையானது. "வாய்க்குள்ளேயே பேசாதே" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். கடைசியில், இரண்டு பனிக்காலத்துக்கு முன் ஒரு காலையில், ஹாரன் அடித்து, கேள்வி கேட்டு, காத்திருந்தார். அண்ணன் பேசவில்லை. தன் மூச்சுகூடக் கேட்கவில்லை. மலையின் குரல் கேட்காதவனுக்குப் பனியில் ஸ்டியரிங்கில் என்ன வேலை? லாஞ்சை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஆசையும் கிடையாது. இன்றோடு முடிந்தது என்று நினைத்த அந்த நொடியில், காலடிப் பலகையில் 'தொம்' என்று ஒரு அதிர்வு வந்து அவர் உள்ளங்காலில் ஏறியது.

வலது பக்கம் ஒடித்தார். பனிக்குள்ளிருந்து துறையின் விளக்கு வந்தது.

அடுத்த பனி நாளிலும் அப்படியே. கேள்வி கேட்டார், காலில் 'தொம்' என்று பதில் வந்தது. போகப்போக அந்தப் பதிலின் குணம்கூட அவருக்குப் பிடிபட்டது: 'தொம்' என்று விழும், அதன் வாலில் மெலிசாக ஒரு 'டக்' ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டார். பாறையின் சத்தம் தண்ணீருக்குள் இறங்கி, லாஞ்சின் அடிக்கட்டையில் ஏறி, தன் காலுக்கு வருகிறது என்று கணக்குப் போட்டார். மனைவியிடம் மட்டும் ஒரு ராத்திரி பெருமை தாங்காமல் சொல்லிவிட்டார்.

"எல்லாருக்கும் காதுல பேசுற மலை எனக்குக் கால்ல பேசுது, தெரியுமா?"

மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்லதாப் போச்சு," என்றார். "செருப்புச் செலவு மிச்சம்."

அன்று முதல் தினமும் படுக்கப் போகுமுன் மலை இருக்கிற திசையைப் பார்த்து மனசுக்குள் ஒரு நன்றி சொல்வார். எத்தனையோ பேர் ஓட்டிய ஏரி இது. காது போனவன் என்று தெரிந்தும் தன்னைக் கைவிடாமல் காலைத் தேடி வந்து பேசுகிற அண்ணன் வேறு யாருக்கு வாய்ப்பான் என்று நினைக்கும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். அவர் அப்படியொன்றும் அழுகிற ஆள் இல்லை.

இந்த வருஷம் நகராட்சி நிஜமாகவே கிளம்பிவிட்டது. வெட்டுமுகத்தின் அடியில் வரிசையாகப் படர்கொடி நட்டார்கள். வளர்ந்து பாறையை மூடிவிடுமாம், அழகாக இருக்குமாம். கூட்டத்தில் கேப்டன் எழுந்து நின்று கத்தினார். "அண்ணன் வாயில துணிய வெச்சு அடைக்கிறீங்களா? நாளைக்கு அவர் பேசலைன்னா நீங்க வந்து பேசுவீங்களா?" தலைவர் என்னவோ பதில் சொன்னார். கேப்டனுக்கு அவருடைய மீசை அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

லாஞ்சில் டிக்கெட் கொடுப்பது கேப்டனின் மச்சினன், மனைவியின் தம்பி. வாய் ஓயாத ஆள். பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான். "இவனுக்குச் சோறு போடுறதுக்குப் பதிலா லாஞ்சுக்கு டீசல் போட்டா நாலு நடை கூட ஓடும்," என்று கேப்டன் அவன் காதுபடவே சொல்வார். மச்சினன் சிரிப்பான். வழக்கமான பயணிகள் எல்லாரும் அவன் சிநேகிதர்கள்: ஆஸ்பத்திரி நர்ஸம்மா, மூட்டுவலிக்கார டீச்சர், தையல்கடைக்காரர், அச்சகத்து ஆட்கள் இரண்டு பேர். இத்தனை வருஷத்தில் கேப்டன் அவர்களோடு நாலு வார்த்தை சேர்த்துப் பேசியிருப்பாரா என்பது சந்தேகம்.

அன்றைக்குப் பொது விடுமுறை. நர்ஸம்மாவைத் தவிர வழக்கமான முகம் ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஏது விடுமுறை. வராத ஒருத்தருக்கும் சேர்த்து முந்தின நாள் முழுக்க இரண்டு ஆள் வேலை பார்த்திருந்தார் போல, ஏறினதும் கடைசிப் பெஞ்சில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டார். மற்றபடி லாஞ்சு நிறைய வெளியூர்க் கல்லூரிப் பையன்கள். ஊர் மைதானத்தில் கால்பந்து ஆட்டமாம், கூட ஒரு கோச். மச்சினனுக்குக் காய்ச்சல், வரவில்லை. டிக்கெட்டைக் கேப்டனே கிழித்துக் கொடுத்தார். சனியன் ஒரு நாள் இல்லாவிட்டாலும் லாஞ்சு ஓடத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

பாதி ஏரியில் பனி மூடிக்கொண்டது. கேப்டன் நிதானமாக ஓட்டி, அண்ணன் பக்கத்துக்கு வந்திருப்போம் என்று பட்டதும் எஞ்சினை அணைத்தார். பின்னால் கையைத் தூக்கிக் காட்ட, பையன்கள் சத்தத்தை நிறுத்தினார்கள். ஹாரனை ஒரு அடி அடித்தார்.

அண்ணே, வீட்ல இருக்கீங்களா?

காலில் ஒன்றும் வரவில்லை.

தூரம் அதிகமோ என்று கொஞ்சம் முன்னால் விட்டார். மறுபடி எஞ்சினை அணைத்தார், அடித்தார், கேட்டார். ஒன்றுமில்லை. பலகை சும்மா ஜில்லென்று கிடந்தது. இன்னொரு தரம். காலை நன்றாக அழுத்தி ஊன்றிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. கொடி! படுபாவிகள் அண்ணன் வாயை அடைத்தே விட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நகராட்சியைப் பரம்பரையோடு திட்டினார். திட்டி முடித்ததும் பயம் வந்தது. கொடி நட்டு எத்தனை நாள் ஆகிறது? அதற்குள்ளா மலையை மூடும்? அப்படியானால் அடைபட்டது அண்ணன் வாய் இல்லை. காது போன மாதிரியே காலும் போய்விட்டது. மலை முன்னால் இருக்கிறதா, பக்கத்தில் இருக்கிறதா, உடைகல் அடியில் இருக்கிறதா, எதுவும் தெரியாது. பின்னால் யார் யாரோ பெற்ற பிள்ளைகள்.

இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம், துறை எந்தப் பக்கம் என்று கைக்கே பழகியிருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. கை ஸ்டியரிங்கைப் பிடிக்கவும் செய்தது. பிறகு விட்டுவிட்டு, நங்கூரத்தைத் தூக்கிக் கீழே போட்டார். சங்கிலி ஓடி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக நடு ஏரியில் பயணிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பிகளா," என்றார். தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. "எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா கேக்காது. இங்க மலை பேசினாத்தான் வழி தெரியும். மலை என்கிட்ட பேச மாட்டேங்குது. பனி விலகற வரைக்கும் இங்கதான் நிக்கணும். உங்க ஆட்டம் போச்சு. மன்னிச்சிடுங்க."

சொல்லியாகிவிட்டது. இனி லாஞ்சு இல்லை. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் பெஞ்சுப் பையன் ஒருத்தன் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னான். கோச்சும் சொன்னார். கேப்டனுக்குப் புரியவில்லை. சங்கிலிச் சத்தத்தில் கடைசிப் பெஞ்சில் சால்வை விலகியது. நர்ஸம்மா முழித்து, பனியைப் பார்த்தார், கேப்டன் திரும்பி நிற்பதைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். பெஞ்சுகளுக்கு நடுவே தடுமாறி ஓடிவந்தார். கேப்டனின் பக்கத்தில் நின்று, தாமே கையை நீட்டி ஹாரனை ஒரு அடி அடித்தார். வாய் முணுமுணுத்தது. பிறகு வலது காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கி மிதித்தார்.

தொம்.

அது கேப்டனின் உள்ளங்காலில் ஏறியது. அதே தொம். அவர் குனிந்து நர்ஸம்மாவின் காலைப் பார்த்தார். வெள்ளைக் கான்வாஸ் ஷூ. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

நர்ஸம்மா வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "தூங்கிட்டேன் கேப்டன். இன்னிக்கு மிதிக்க வேண்டியது நான்தான். உங்க மச்சினன் காலையிலேயே போன் பண்ணிச் சொன்னாரு. மலை ஒவ்வொரு தடவையும் பேசுச்சாம். இந்தப் பசங்களுக்குக் கேட்டிருக்கு. மிதிக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது."

நர்ஸம்மா பையன்களை எழுப்பி நிறுத்தி, மலையிலிருந்து சத்தம் வந்த அந்த நொடியில் எல்லாரும் ஒரே மிதியாக மிதிக்க வேண்டும், முந்தினால் உதை, பிந்தினால் முழுக்கு என்று பாடம் எடுத்தார். நங்கூரம் ஏறியது. ஹாரன். அண்ணே, வீட்ல இருக்கீங்களா? கேள்வி முடிந்து ஒரு மூச்சு விட்டதும் தொம் என்று விழுந்தது. கால்பந்துக்காரர்கள் மிதி, லாஞ்சு பிறந்ததிலிருந்து அப்படி ஒன்றை வாங்கியதில்லை. கொஞ்சம் முன்னால். ஹாரன். அண்ணே, வீட்ல இரு... தொம்! கேப்டன் வலது பக்கம் ஒடித்தார். இடது பக்கம் பனிக்குள் வெட்டுமுகம் சாம்பல் நிறமாக ஒதுங்கிப் போனது. அதன் அடியில் நகராட்சிக் கொடி முழங்கால் உயரம்கூட வளரவில்லை.

துறையைத் தொட்டதும் பையன்கள் ஆட்டத்தில் ஜெயித்துவிட்ட மாதிரி கூச்சல் போட்டார்கள். கேப்டன் மலையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றவில்லை. லாஞ்சைக் கட்டிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நேரே மச்சினன் அறைக்கு நடந்தார்.

மச்சினன் இருந்தது சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். கேப்டனின் மனைவி தம்பிக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார். கேப்டன் வாசலில் நின்று கத்தினார்.

"எத்தனை நாளாடா?"

மச்சினனுக்கு நர்ஸம்மா போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு மாமாவுக்கு உதடு தெரிகிற மாதிரி நிமிர்ந்துகொண்டான்.

"ரெண்டு பனிக்காலமா, மாமா. மொதல் தடவை வேணும்னு செய்யல. அண்ணன் வாசல்ல நின்னு பேசிட்டாரு, நீங்க ஒடிக்கல. எனக்கு உசிரே போச்சு. கத்தினா உங்களுக்குக் கேக்கல. ஓடி வர்றப்ப கால் தடுக்கி தொம்முனு விழுந்தேன். நீங்க உடனே ஒடிச்சிட்டீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தினம் தினமா விழ முடியும்? மிதிச்சேன். ஒரு மாசத்துல நர்ஸம்மா கண்டுபிடிச்சிட்டாங்க. அப்புறம் டீச்சர். அப்புறம் எல்லாரும். ஒத்தைக் கால் போதாது, குளிர்ல மரத்துக் கிடக்கிற காலு உங்களுது, எல்லாரும் சேர்ந்து மிதிக்கலாம்னு தையல்கடைக்காரர்தான் சொன்னாரு."

"ஒருத்தன் தப்பா மிதிச்சிருந்தா? அத்தனை பேரும் கல்லுல மோதியிருப்பீங்களேடா!"

"மொத மிதி என்னுதுதான் மாமா. என் கால் எந்திரிச்சாத்தான் மத்தவங்க கால் எந்திரிக்கும். நான் இல்லாட்டி நர்ஸம்மா. இது சட்டம்." சொல்லிவிட்டு மச்சினன் இருமினான்.

கேப்டன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஏண்டா ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னா நீங்க எறங்கிடுவீங்க. உங்களை விட்டா இந்த ஏரி யாருக்குத் தெரியும்? டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? 'என் பசங்க பரீட்சைக்கு ஒரு நாள்கூட நான் லேட்டாப் போனதில்ல, அந்த மனுஷனாலதான். ஒரு மிதி மிதிக்கிறதுல எனக்கென்ன குறைஞ்சிடப் போகுது'ன்னாங்க. மூட்டு வலியோட, மாமா."

கேப்டன் மனைவியைப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா? அப்ப ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

மனைவி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே வந்தார். "காது போனது உங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். நீங்கதான் கடைசியா சொல்றீங்க."

அடிக்கிற எண்ணத்தோடு வந்த கை அதுபாட்டுக்கு மச்சினன் நெற்றியில் போய்ச் சூடு பார்த்தது. சூடு இருந்தது. இந்தக் காய்ச்சலோடு விடியுமுன் எழுந்து நர்ஸம்மாவுக்குப் போன் செய்திருக்கிறான், உருப்படாதவன். இரண்டு வருஷமாகத் தினமும் தப்பான திசையைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மலை பேசியது வாஸ்தவம்தான். அதைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தது தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கூட்டம். கிண்ணத்தை எடுத்து மச்சினன் கையில் கொடுத்தார். "குடிடா," என்றார். "ஆறிடப் போகுது."

அன்றைக்கே லாஞ்சு மேனேஜரிடம் போய்த் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னார். மேனேஜர் அவரை ஒரு மூச்சு திட்டினார். திட்டு கேட்காவிட்டாலும் கையாட்டத்திலேயே அதன் கனம் தெரிந்தது. பிறகு பேப்பரை இழுத்துக் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார். பனி நாளில் இனி ஸ்டியரிங்குக்கு ஒரு ஆள், காதுக்கு ஒரு ஆள். காதுக்கு மச்சினன் அல்லது நர்ஸம்மா. இரண்டு பேரும் இல்லையென்றால் லாஞ்சு கிளம்பாது. அதுவும் ஆஸ்பத்திரியில் காதைக் காட்டிவிட்டு வந்த பிறகுதான். கேப்டன் அந்தப் பேப்பரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மடித்துப் பையில் வைத்தார். நர்ஸம்மா காது டாக்டரிடம் அழைத்துப் போனார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் ஒன்று வந்தது. அதை மாட்டினால் பக்கத்தில் பேசுவது ஓரளவு கேட்கிறது, மனைவி வாய்க்குள் பேசுவதில்லை என்பதும் தெரியவந்தது. மலையின் குரல் அளவுக்கு மெஷினுக்குத் திராணி இல்லை.

அடுத்த பனி நாளில் வழக்கமான கூட்டம் முழுசாக வந்திருந்தது. ஏறினார்கள், உட்கார்ந்தார்கள், சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். மச்சினன் டிக்கெட் பையோடு கேப்டன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். நடு ஏரி தாண்டி, பனிக்குள், ஒரு தரம் கேட்டாயிற்று. அண்ணன் கூடத்தில் இருந்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் போய் எஞ்சினை அணைத்தார். லாஞ்சு சத்தமில்லாமல் மிதந்தது. ஹாரனை ஒரு அடி அடித்தார்.

அடித்துவிட்டு, இந்தத் தடவை, திரும்பிப் பார்த்தார்.

எல்லாருடைய உதடும் அசைந்துகொண்டிருந்தது. அண்ணே, வீட்ல... அத்தனை பேரும், ஒரு ஆள் விடாமல், அவரோடு சேர்ந்து அதே நிதானத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மச்சினன் கால் எழுந்தது. நர்ஸம்மாவின் வெள்ளை ஷூ, தையல்கடைக்காரரின் தேய்ந்த செருப்பு, அச்சகத்து ஆட்களின் மை பட்ட பூட்ஸ் எல்லாம் எழுந்து ஒன்றாக இறங்கின. தொம். மூன்றாம் பெஞ்சில் மூட்டுவலிக்கார டீச்சரால் காலைத் தூக்க முடியவில்லை. அவர் குடையைத் தூக்கி, ஒரு கண் இமைப்பு பிந்தி, அதன் நுனியால் பலகையில் குத்தினார்.

டக்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். மலைக்கு முதுகைக் காட்டி நின்று, அவர்கள் எல்லாருக்கும் தலை குனிந்தார்.

டீச்சர் குடையை நீட்டி, வகுப்புக் குரலில் அதட்டினார். மெஷினுக்கே அது கேட்டது.

"தொப்பிய அப்புறம் கழட்டலாம் கேப்டன்! வலது பக்கம் ஒடிங்க, அண்ணன் வாசல்ல நிக்கறாரு!"

கேப்டன் ஒடித்தார்.